ஒத்திகை மகள்

நீலசிகரம் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று கோமதி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று புருஷனும் மகளும் எடுத்துக்கொண்டார்கள், அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டார்கள். காட்டிக்கொள்வதற்கு அந்த வீட்டில் குறைவே இல்லை.

புருஷன் சுடலைமுத்து சங்கரன்கோவிலில் கல்யாணச் சமையல்காரர். எத்தனை பந்தி வந்தாலும் பதறாத மனுஷர். போன ஐப்பசியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் சாம்பார் அண்டாவை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருதயத்தில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். காப்பீட்டில் பாதிச் செலவுதான் வரும். மீதிக்கு வீட்டில் பணம் இருந்தது. ஆனால் அது மகள் வடிவின் படிப்புக்கென்று, அவள் பிறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கொஞ்சமாக எடுத்து வைத்த பணம். ஒன்று நெஞ்சு, இல்லாவிட்டால் கல்லூரி. இரண்டுக்கும் காணாது.

"அவ சேரட்டும். அப்புறம் பாத்துக்கிடலாம்," என்றார் சுடலைமுத்து.

வடிவுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தது கோமதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். தாத்தா செத்தால்கூடக் கடைசிப் பரீட்சை முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். அதற்குள் தாத்தாவைச் சாம்பலாக்கி ஆற்றில் கரைத்திருப்பார்கள். பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கோமதிக்கும் வரவில்லை.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இப்போதெல்லாம் பெரிய கல்லூரிகள் ஒத்திகை பார்க்கின்றன. விண்ணப்பித்த பிள்ளையைத் தலைக்கவசம் மாட்டி ஒரு பகல் முழுக்கப் படுக்க வைக்கிறார்கள். அதன் மனசை அச்சாக எடுத்து, அந்த நகலை ஒரு கணினிக்குள் விட்டு, நான்கு வருஷக் கல்லூரி வாழ்க்கையை இரண்டே நாளில் வாழ வைக்கிறார்கள். நகல் நன்றாகப் படித்துத் தேறினால் அசலுக்கு இடம் உண்டு. படிப்பை நடுவில் விட்டால் கதவு அடைபட்டுவிடும். இவ்வளவு பணம் கட்டப்போகிற பெற்றோருக்கும் ஒரு உரிமை வேண்டும் என்று கோர்ட்டு வரை போய்ச் சண்டை பிடித்ததில், ஒத்திகை முடித்த நகலை அரை மணி நேரம் சந்தித்துப் பேசலாம் என்று சட்டம் வந்தது. சந்திப்பு முடிந்ததும், விளக்கை அணைப்பதுபோல, நகலை அணைத்துவிடுவார்கள்.

ஒத்திகைக் கட்டணம் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி. அதனால் சாதாரணக் குடும்பங்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். கிடைக்கவே கிடைக்காது என்று நினைக்கிற இடம் ஒன்று, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற இடம் ஒன்று, கையில் இருக்கட்டும் என்று ஒன்று. வடிவுக்குத் திருநெல்வேலி கல்லூரி கைவசம் இருந்தது; அங்கே அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கட்டணமே கிடையாது. கோயம்புத்தூர் கைவிட்டுவிட்டது. கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்த நீலசிகரம், இமயமலை அடிவாரத்திலிருந்து கைநீட்டிக் கூப்பிட்டுவிட்டது.

மூன்று பேரும் நகலைச் சந்திக்கப் பாளையங்கோட்டையில் இருந்த ஒத்திகை மையத்துக்குப் போனார்கள். அன்றே ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். அங்கே இருந்த அலுவலர் பிரிசில்லா இளவயதுப் பெண், பொறுமைசாலி.

"வடிவு வெளிய இருக்கட்டும்மா. தன்னோட நகலைத் தானே பாக்கறது கூடாது. பாத்துட்டு மனசு கெட்டுப்போன பிள்ளைங்க இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க."

"தான் நகலுன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"ஒத்திகை முடிஞ்சதும் சொல்லிடுவோம் சார். சொல்லாம பேச விடறது தப்பு."

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எதிரே சுவரளவு திரை. திரைக்குள் மேசையின் மறுபக்கத்தில் வடிவு உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது கூடிய வடிவு. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சுடலைமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரைக்கும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "யப்பா," என்றாள்.

"என்ன மக்கா, இப்படி மெலிஞ்சுபோயிட்ட? மெஸ்ல என்னத்தத்தான் போடுதான்?"

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

"இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லி தின்னோம்."

"சட்னி எப்படி இருந்துச்சு?"

சட்னி என்று கேட்டுவிட்டால் சுடலைமுத்துவுக்கு வேறென்ன வேண்டும். தேங்காயைக் கண்ணிலேயே காட்டாமல் பொரிகடலையை மட்டும் அரைத்துக் கரைத்து ஊற்றுகிற கடைகளைப் பற்றி ஆரம்பித்து, கடுகு தாளிக்கத் தெரியாத இந்தக் காலத்துப் பையன்கள் வரைக்கும் போனார். வடிவு கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினால், "அப்புறம்பா?" என்றாள். காசு கொடுத்து வாங்கிய அரை மணி சட்னியிலேயே கரைகிறதே என்று கோமதிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கேக்க வந்ததக் கேளுங்க."

"ஆமால்லா. மக்கா, காலேஜு எப்படி? சேரலாமா?"

"நல்லாயில்லப்பா," என்றாள் வடிவு. சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுபோல வந்தது அந்தப் பதில். "பேருதான் பெருசு. வாத்தியாருங்க சரியில்ல. குளிரு வேற தாங்க முடியல. திருநெல்வேலிலயே படிச்சிருக்கலாம்னு தோணிட்டே இருந்துச்சு."

"பணத்த நெனச்சுச் சொல்லுதியா? பணம் இருக்கு மக்கா. அதப்பத்தி உனக்கெதுக்குக் கவலை?"

"பணத்துக்காக இல்லப்பா. எனக்குப் பிடிக்கல."

சுடலைமுத்துவின் முகம் வாடிப்போனது. கோமதி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தப் பெண் ஒரு தடவைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் மீது வைத்த கண்ணை எடுக்கவுமில்லை. அவர் சட்டைக் காலரை, கையில் இருந்த சூட்டுத் தழும்பை, அவர் இருமுவதை எல்லாம் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து வீட்டு ஆளைப் பார்க்கிற ஆசை மட்டும் இப்படி இருக்காது என்று கோமதிக்குப் பட்டது.

"ஏங்க, பிள்ள வெளிய தனியா இருக்கா. போயி ரெண்டு டீ வாங்கிக் குடிங்க. நான் வாரேன்."

அவர் எழுந்து போனார். திரையிலிருந்த பெண்ணின் பார்வை கதவு வரை அவர் கூடவே போய், கதவு சாத்திய பிறகும் அங்கேயே நின்றது.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் கோமதி.

"ஒண்ணுமில்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"பாக்க முடியலம்மா. கோவம் இன்னும் போகல."

"என்ன கோவம்?"

"அப்பா செத்துப்போயிட்டாங்க," என்றாள் வடிவு. "மூணாவது வருஷம். நெஞ்சுவலிதான். அப்ப எனக்கு செமஸ்டர் நடந்துட்டு இருந்துச்சு. நீ சொல்லல. தினமும் போன்ல பேசுன, சாப்பிட்டியா படிச்சியான்னு கேட்ட. அப்பா எங்கன்னு கேட்டா சமையலுக்குப் போயிருக்காவன்னு சொன்ன. கடைசிப் பரீட்சைய எழுதிட்டு, அப்பாவுக்கு ஒரு கம்பளி வாங்கிட்டு ஊருக்கு வந்தேன். வந்து பாத்தா கூடத்துல படத்துக்கு மாலை போட்டிருக்கு."

நான் அப்படிச் செய்வேனா என்று கேட்க வாயெடுத்தாள் கோமதி. கேட்க முடியவில்லை. செய்வாள். இன்றைக்கு நடந்தாலும் அப்படித்தான் செய்வாள். அழுதுகொண்டே செய்வாள், ஆனால் செய்வாள்.

"அப்பாவ ஒரு தடவ கடைசியாப் பாக்க விடலியேம்மா."

"தப்புத்தான்ட்டி," என்றாள் கோமதி. தான் இன்னும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "தப்புத்தான். என்னைய மன்னிச்சிரு."

"நானும் சேந்துதான் பண்ணினேன்," என்றாள் வடிவு.

"நீ என்னத்தப் பண்ணின?"

அதை விடு என்பதுபோல அவள் தலையை ஆட்டிவிட்டு, முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள். "அப்பாவ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போம்மா. வெளிய இருக்கால்லா, அவகிட்டயும் காலேஜு நல்லாயில்லன்னே சொல்லிரு."

கோமதி அறையை விட்டு வெளியே வந்தாள். துக்கத்தை முந்திக்கொண்டு அவளுக்குக் கோபம்தான் வந்தது. நேரே பிரிசில்லாவின் மேசைக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரர் உடம்பப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா? ஆஸ்பத்திரில போயி விசாரிச்சீங்களா? இருக்குத மனுசன இப்படிச் சாகடிச்சு வச்சிருக்கீங்களே."

பிரிசில்லா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "நாங்க எதையும் விசாரிக்கறதில்லம்மா. கல்லூரி, பாடம், வாத்தியாருங்க மட்டும்தான் நாங்க செய்யறது. வீட்டு ஆளுங்க எல்லாரும் அந்தப் பிள்ளையோட மனசுலருந்து தானா வர்றவங்க. அப்பா எப்படிப் பேசுவார், அம்மா எதுக்கு என்ன செய்வாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியுமோ, உள்ள அப்படியே நடக்கும்."

"அப்ப இது நடக்கப்போறது இல்லியா?"

"ஜோசியமெல்லாம் இல்லம்மா. பிள்ளைக்கு இருக்கற பயம், பிள்ளைக்குத் தெரிஞ்ச விஷயம், அவ்வளவுதான். அதுக்குத் தெரியாத ஒண்ணு ஒத்திகையில வராது."

கோமதி கையில் இருந்த தம்ளரை மேசையில் வைத்தாள். பிரிசில்லா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். "உங்க பொண்ணு ரொம்ப உறுதியான பொண்ணும்மா. அப்பா போன அடுத்த செமஸ்டர்லயே வகுப்புல முதலாவதா வந்திருக்கா. தேர்வுக் குழுவுல எல்லாரும் அதைத்தான் பெருசாப் பேசினாங்க. இந்தப் பிள்ளை எதுக்கும் ஒடைய மாட்டா, எடுத்துக்கலாம்னு."

கோமதிக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை. அதற்குத் தெரியாத ஒன்று ஒத்திகையில் வராது என்ற இடத்திலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து டீயைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் வடிவு, உயிரோடு, பதினேழு வயதோடு, இரட்டைச் சடையோடு. அவள் அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியிலிருந்தே பிள்ளை இப்படித்தான் அவரை அடிக்கடி வெறித்துப் பார்க்கிறாள். படிப்பு அசதி என்று கோமதி தினமும் பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோமதி மகளருகில் உட்கார்ந்தாள். "உனக்கு எப்பருந்துட்டி தெரியும்?"

எது என்று வடிவு கேட்கவில்லை. "மாத்திரை அட்டையையும் ஆபரேஷன் சீட்டையும் அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சா, சோறு பொங்குத பிள்ளைக்குத் தெரியாதாம்மா?"

"ஏன் கேக்கல?"

"பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஆசையும் இருந்துச்சும்மா. தெரியாத மாதிரி இருந்தா போயிப் படிச்சிரலாம்லா. அந்த ஆசையிலதான் வாயத் தொறக்கல."

நானும் சேர்ந்துதான் பண்ணினேன் என்று உள்ளே இருந்தவள் சொன்னது இதைத்தான். கோமதிக்கு இப்போது விளங்கியது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அதைவிடப் பெரிய வேலை ஒன்று மிச்சம் இருந்தது. எழுந்து போய்ப் புருஷனின் தோளைத் தட்டி எழுப்பினாள். இருவரையும் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்றாவது வருஷத்தைச் சொன்னாள், மாலையைச் சொன்னாள், போனில் தான் பேசிய பொய்யைச் சொன்னாள், தேர்வுக் குழு மெச்சியதைக்கூடச் சொன்னாள். அவளுடைய வாழ்க்கையில் கெட்ட செய்தியை நேரத்துக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுடலைமுத்து மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள்.

"காலேஜு நல்லாயில்லன்னா சொன்னா?" என்று கேட்டாள் வடிவு.

"ஆமா. உன்கிட்டயும் அப்படியே சொல்லச் சொன்னா."

"அப்ப ரொம்ப நல்லா இருந்திருக்கு," என்றாள் வடிவு. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

சுடலைமுத்து மகளின் தலையில் கையை வைத்தார். பிறகு, "அப்ப அந்தப் பிள்ள என்னையப் பாத்து எத்தன நாளு இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆயிருக்கும்," என்றாள் கோமதி.

"நானும் கூறுகெட்டவன், சட்னியப் பத்திப் பேசிட்டு வந்திருக்கேன்." அவர் எழுந்தார். "இன்னும் நேரம் கெடக்கா?"

"கொஞ்சம் இருக்கும்."

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கோமதியும் மகளும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு தடவை அவர் சிரிப்பதுபோலச் சத்தம் வந்தது.

பிரிசில்லா கையெழுத்து வாங்குகிற பலகையோடு வந்தாள். "அஞ்சு மணி ஆகப்போகுதும்மா. சம்மதம்னா வடிவு இதுல விரலை வைக்கணும்."

வைக்காதே என்று சொல்லக் கோமதிக்கு ஆசை, வை என்று சொல்லவும் ஆசை. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேண்டாம் மேடம். இந்தப் பணத்துல எங்கப்பாவுக்கு ஆபரேஷன். நான் இந்த வருஷம் திருநெல்வேலில சேந்துக்கிடுதேன்."

"நல்லா யோசிச்சுக்கோம்மா. இந்த இடத்தை உனக்காக வச்சிருக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் வேணும்னா முதல்லருந்து ஒத்திகை. இதே மாதிரி முடிவு வரும்னு சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்," என்றாள் வடிவு. "அடுத்த வருஷ ஒத்திகையில எங்கப்பா உயிரோட இருப்பாங்க. அப்ப உங்க குழுவுக்கு என்னைப் பிடிக்குமோ என்னமோ."

பிரிசில்லா பலகையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் போன பிறகு சந்திப்பு நேரம் முடிந்ததற்கு உள்ளே எங்கேயோ மணி அடித்தது. கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது சுடலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சொன்னா?" என்று எழுந்து நின்றாள் கோமதி.

"ஒண்ணுமில்ல. சந்தோசமாத்தான் இருந்தா. பேசிக்கிட்டே இருந்தா, அப்படியே கண்ணசந்து தூங்கிட்டா," என்றார் அவர்.

கோமதிக்கு அது பொய் என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக அவளும் அந்த மாதிரிப் பொய்களில்தான் குடும்பம் நடத்தியிருக்கிறாள். பிள்ளைக்காகச் சொல்கிறார், போகட்டும் என்று அவள் பேசாமல் இருந்துவிடப் பார்த்தாள்.

"யப்பா," என்று வடிவு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "உள்ளதச் சொல்லுங்க."

சுடலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு நிதானத்துக்கு வரும் வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர், அணைக்கப்போகும் நேரத்தில் அந்தப் பெண் எப்படிப் பயந்தாள் என்பதிலிருந்து, நடந்ததை நடந்தபடியே மகளிடம் சொல்ல ஆரம்பித்தார்.